செல்லுபடியான நூறு பேர்

ஆனி மாதத்து மேல்காற்று இறங்கி ஆவுடையாபேட்டையின் காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு, ஊருக்கு மேற்கே இருந்த அறக்கட்டளை மருத்துவமனையின் பதிவுச் சன்னலுக்கு முன்னால் நூறு பேர் வரிசையாக வந்து நின்றார்கள். எந்தப் பஸ்ஸிலிருந்தும் அவர்கள் இறங்கவில்லை, யாருடைய ஆட்டோவும் அவர்களைக் கொண்டுவரவில்லை, அவர்கள் செருப்பில் இந்த ஊர்ச் செம்மண்ணோ வேறெந்த ஊர் மண்ணோ ஒட்டியிருக்கவில்லை. சன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் நாச்சியார் முதல் ஆளிடம் பேரைக் கேட்டாள், அவர் சொன்னார், மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னார், மூன்றாம் தடவை அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் செல்போனை எடுத்தாள்.

"ஏட்டி உலகா, இவ்வள பேரும் ஓன் கம்ப்யூட்டர் ஆளுவ மாதிரி இருக்கு. பேரு வாய்க்குள்ளயே நுழைய மாட்டேங்கு. நீயே வந்து கேளு."

உலகம்மாளுக்கு முப்பத்துமூன்று வயது. சென்னையில் அவள் வேலை பார்த்த கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பிவிட்டு மூடிக்கொண்டது; ஊருக்குத் திரும்பியவள் உரக்கடை மாடியில் ஜெபசிங் நடத்திய நாலு பேர் கம்பெனியில் சேர்ந்தாள். பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் ஒரு நாற்காலியில் இருக்க முடியாதவள். ஏதாவது யோசிக்க வேண்டுமென்றால் அந்த மாடிப்படியில் ஏறி ஏறி இறங்குவாள், உரக்கடைக்காரர் படிச் சத்தத்தை வைத்தே வேலை ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லிவிடுவார். மருத்துவமனைக்குப் பதிவு மென்பொருள் எழுதும் வேலை வந்தபோது ஒரு வாரம் நாச்சியாருக்குப் பக்கத்தில் நின்று பேரேடுகளைப் பார்த்துவிட்டு வந்து, 'நோயாளி' என்று ஒரு வகையை உண்டாக்கினாள். அந்த வகைக்குள் யார் நுழையலாம் என்று விதிகள் எழுதினாள்: பேர் இரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, தமிழ் எழுத்தாக இருக்க வேண்டும், வயது சைபரிலிருந்து நூற்றிருபதுக்குள், இரத்தப் பிரிவு எட்டில் ஒன்று, கல்யாண விவரம் நாலில் ஒன்று, தொழில் பட்டியலில் உள்ளது, அஞ்சல் எண் ஆறு இலக்கம், முதல் இலக்கம் சைபர் ஆகாது, உபாதை ஏதாவது ஒன்று. இதற்குள் அடங்கினால் செல்லும், அடங்காவிட்டால் செல்லாது.

விதிகள் சரியா என்று பார்க்க ஆள் வேண்டும், நிஜ நோயாளிகளை வைத்து விளையாட முடியாது. ஆகவே கண்ணைக் கட்டிக்கொண்டு அள்ளுவதுபோல எழுத்திலிருந்தும் எண்ணிலிருந்தும் அள்ளி, விதிக்குள் அடங்கும் ஆட்களாகக் கோத்துத் தரும் புரோகிராம் ஒன்றை எழுதி, அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பதேகாலுக்கு, நூறு என்று கொடுத்து ஓட்டினாள். சோதனை முடிந்ததும் அத்தனை பேரையும் அழித்துவிடும் வரி ஒன்று கடைசியில் உண்டு. நின்று நிதானமாகப் பார்க்கலாமே என்று அந்த வரியை மட்டும் அன்றைக்கு நிறுத்திவைத்திருந்தாள்.

அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, கையிலிருந்த தாளைப் பார்த்து முதல் பேரைப் படித்தாள். "ஙாபிறு?"

"ஆம்," என்றார் முதல் ஆள்.

"ணெவூதி?"

"ஆம்."

நூறும் சரியாக இருந்தது.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீசன் சமயத்தில் குற்றாலத்துக்குப் போகிற கூட்டம் வழிதவறி வந்து நிற்பதைப் பார்த்துப் பழகிய ஊர் அது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, எங்கே போகணும் என்று கேட்டார்கள். அதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. படிவம் கேட்டதெல்லாம் அவர்களிடம் இருந்தது, படிவம் கேட்காதது எதுவும் அவர்களிடம் இல்லை. அம்மா பேர் இல்லை, சாப்பிட்டுப் பழகிய குழம்பு இல்லை, தூங்குகிற பக்கம் இல்லை. உட்காருவாரா என்று படிவம் கேட்காததால் அவர்கள் உட்காரவும் இல்லை. பகல் முழுக்க மார்க்கெட் தெரு, தாலுகா ஆபீஸ், ரயில்வே கேட் என்று நடந்தார்கள், திரும்பி நடந்தார்கள், அவர்கள் நடப்பதைப் பார்த்துப் பார்த்து ஊர்க்காரர்களுக்கும் கால் தரிக்காமல் போனது. டீக்கடைகளில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன, டீயைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் நின்றார்கள், சலூனில் பாதி முகம் மழித்தவர் எழுந்து தெருவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

பிறகு ஒவ்வொருவராகப் பொருந்திக்கொண்டார்கள். றூமாஞி என்ற கிழவிக்கு வயது நூற்றுப் பன்னிரண்டு, தொழில் மாணவி. அவளைப் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள், உடற்பயிற்சி வகுப்பில் ஓடினாள். சைபர் வயதில் ஒன்பது பேர், அதில் ஒருத்தி வக்கீல். அவளைக் கோர்ட்டு குமாஸ்தா வீட்டில் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னொரு கைக்குழந்தைக்கு உபாதை மூட்டுவலி என்றிருந்தது. அதை ஜெபசிங்கின் மனைவி வாங்கிப் போய்த் தைலம் தேய்த்தாள். வாய்க்கு வராத பேர்களை ஊர் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது.

எல்லாரையும் விட ஊருக்குச் செல்லமானவன் ணிகொழு. மூன்று வயது, மனைவியை இழந்தவன், லாரி ஓட்டுநர், கழுத்துவலி. முதல் நாளே பெண்கள் போய் அவனைச் சுற்றி நின்று துக்கம் விசாரித்தார்கள், அவனும் பெரிய மனுஷன்போல் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். லாரி புக்கிங் ஆபீஸுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்த சந்தனமாரி, மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தாய், அவனைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். டிரைவர்கள் அவனை 'டிரைவர் அண்ணாச்சி' என்று கூப்பிட்டு, நின்ற வண்டியில் மடியில் வைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கொடுத்தார்கள். நூறு பேரில் உட்காரப் பழகிய முதல் ஆள் அவன்தான்.

உலகம்மாளைத் தேடி மாடிப்படி ஏறி வந்தவர் ஒரே ஒருவர். பேர் ழேனுமி, வயது நாற்பத்தேழு, தச்சர், கல்யாணம் ஆகாதவர், உபாதை தூக்கமின்மை. தினமும் மதியம் மூன்று மணிக்கு வந்து வாசலில் நிற்பார்.

"என் அஞ்சல் எண் 980417. அந்த ஊருக்கு எப்படிப் போக வேண்டும் என்று சொல்ல முடியுமா?"

"பாத்துச் சொல்றேங்க," என்பாள் அவள். பார்த்தாகிவிட்டது. அப்படி ஒரு தபால் நிலையம் பட்டியலில் எங்குமே இல்லை. அதைச் சொல்ல வாய் வராமல் அவள் எழுந்து அவரோடு படி இறங்குவாள், ரயில்வே கேட் வரை நடந்துவிட்டுத் திரும்புவாள். தன்னைப் போலவே தரையில் கால் பாவாத ஒருவரோடு நடப்பது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, உள்ளே அரித்துக்கொண்டும் இருந்தது.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை. வேலை என்று வந்தால் அவள் சரியாகச் செய்கிறவள். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் கல்யாணம் ஆகாதவர் என்று மட்டும்தான் இருக்க முடியும் என்று ஒரு விதியைச் சேர்த்தாள். சேர்த்திருக்க வேண்டிய விதிதான், யார் கேட்டாலும் சரி என்பார்கள். காலை பத்து நாற்பதுக்கு அதைச் சேமித்து, இருக்கிற ஆட்கள்மேல் ஓட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றொன்பது பேர் செல்லும், ஒருவர் செல்லாது என்று திரை சொன்னது. யாரென்று தேடி அவள் பட்டியலை மேலிருந்து ஒவ்வொரு பேராகப் பார்த்து வருவதற்குள் படியில் ஆள் ஓடி வரும் சத்தம் கேட்டது.

சந்தனமாரி. கையில் கரண்டி.

"எம்மா, அண்ணாச்சி இங்க வந்தானா?"

"இல்லியேக்கா."

"வண்டில உக்காந்து ஹாரன் அடிச்சிக்கிட்டிருந்தான். நான் சட்டினி எடுக்கத் திரும்புனேன். ஹாரன் பாதியில நின்னு போச்சு. ஓடிப் போயிப் பாத்தா சீட்டுல சூடுதான் இருக்கு, ஆளக் காணோம்."

உலகம்மாள் அந்த விதியை அழித்தாள். அவன் திரும்பி வரவில்லை. மறுபடி அள்ளித்தான் அவனைக் கொண்டுவர முடியும். அள்ளிப் போடும் புரோகிராம் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு எண்ணிலிருந்துதான் கிளம்பும். அந்த எண்ணுக்கு விதை என்று பேர். அதே விதையைக் கொடுத்தால் அதே ஆட்கள் அதே வரிசையில் வருவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் விதையைக் குறித்துவைக்கவில்லை. குறித்துவைக்காத விதையை உலகத்தில் யாராலும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. அவள் எதையும் மறைக்காமல் சந்தனமாரியிடம் சொன்னாள்.

சந்தனமாரி கரண்டியோடு தரையில் உட்கார்ந்தாள்.

"அவன்ட்ட என்ன கொறன்னு செல்லாதுன்ன?"

"மூணு வயசுல பொண்டாட்டி செத்திருக்க முடியாதுக்கா."

"அவனா சாகச் சொன்னான்?"

அன்றைக்கு லாரி ஆபீஸ் முன்னால் நின்ற வண்டிகள் எதுவும் சரக்கு ஏற்றவில்லை. ஊர் முழுக்க ஒரு செய்தி போனது: உரக்கடை மாடியில் ஒரு வரி மாறினால் கீழே ஒரு ஆள் இல்லாமல் போகிறான். குமாஸ்தா வீட்டில் வக்கீல் குழந்தையை இடுப்பை விட்டு இறக்குவதை நிறுத்தினார்கள், றூமாஞியின் வகுப்புத் தோழிகள் மணி அடித்த பிறகும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை ஜெபசிங் அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. வீட்டில் மூட்டுவலிக் குழந்தை அவர் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறது.

"வெள்ளிக்கிழமை மென்பொருள ஒப்படைக்கணும் உலகா. ஆஸ்பத்திரிக்காரங்க மூணு கேக்காங்க. பேர் இப்படி வாயில நுழையாம இருக்கக் கூடாது, தமிழ்ல ஒரு சொல்லு எந்த எழுத்துல தொடங்குமோ அந்த எழுத்துலதான் பேர் தொடங்கணும். அஞ்சல் எண் தபால்துறைப் பட்டியல்ல உள்ளதா இருக்கணும். டெஸ்ட் ஆளுங்க ஒருத்தர்கூட உள்ள இருக்கக் கூடாது."

"சார், நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். "விதி இல்லாமக் குடுத்தா நாளைக்கு நெசமான ஒரு நோயாளிக்கு வேற ஆளோட ரத்தத்த ஏத்திருவாங்க. அதையும் நீதான் யோசிக்கணும், நானும்தான் யோசிக்கணும்."

புதன்கிழமை மதியம் மருத்துவமனை வாகனக் கொட்டகையில் ஊர் கூடியது. யாரும் உட்காரவில்லை. உலகம்மாள் நடுவில் நின்று, மூன்று விதிகளையும் கூட்டிக்குறைக்காமல் சொன்னாள். ழ, ற, ண, ங என்று தொடங்கும் பேர்கள் செல்லாது. இல்லாத ஊரின் எண் செல்லாது. சன்னலில் வந்து, உறவினர் ஒருவர் கையெழுத்தோடு பதியாத ஆள் யாராக இருந்தாலும் டெஸ்ட் ஆள்தான், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அழியும். கூட்டத்தில் அழுகைச் சத்தம் கிளம்பியது, ஒருத்தர் கம்ப்யூட்டரை உடைக்கலாம் என்றார், இன்னொருத்தர் உடைத்தால் எல்லாருமே போய்விட்டால் என்ன செய்வது என்றார்.

நாச்சியார்தான் கேட்டாள். "ஏட்டி, மொதல் எழுத்த மட்டுந்தான பாக்கும்?"

"ஆமாக்கா."

"இனிஷியல் போட்டா?"

உலகம்மாள் அவளையே பார்த்தாள்.

"நான் ஆதிநாராயணன் மவ, ஆ. நாச்சியாருன்னுதான் பதினெட்டு வருசமா கையெழுத்துப் போடுதேன். யார் வீட்ல இருக்காவளோ அந்த வீட்டு இனிஷியல முன்னால போட்டாக்க அந்த எழுத்துல தொடங்கிரும்லா. எந்த வீடோ அந்த வீட்டுப் பின்கோடு. கையெழுத்துப் போட சொந்தக்காரவுகளும் ஆச்சு. பொறவு ஓன் கம்ப்யூட்டர் என்ன சொல்லும்?"

"செல்லும்னு சொல்லும்," என்றாள் உலகம்மாள். சொல்லும்போதே அவள் கொட்டகையை விட்டு ஓட ஆரம்பித்திருந்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து பதிவுச் சன்னலில் வரிசை மார்க்கெட் தெருவைத் தொட்டது. சைக்கிள் கடைக்காரர் தன் அப்பா பேரின் முதலெழுத்தைக் கொடுத்தார், பூக்காரி தன் எழுத்தையே கொடுத்தாள், கோர்ட்டு குமாஸ்தா வக்கீலைக் கையில் ஏந்தி வந்து கொடுத்தார், ஆறாம் வகுப்பு டீச்சர் தன்னைவிட எழுபத்தைந்து வயது மூத்த றூமாஞிக்குக் கொடுத்தாள், சண்டைக்காரர்கள் என்று பேரெடுத்த இரண்டு வீடுகள் ஒரே ஆளுக்காகச் சன்னலிலும் சண்டை போட்டு, கடைசியில் இரண்டு இனிஷியலோடு ஒருவர் பதிவானார். சந்தனமாரியும் வந்தாள். யாருமே கேட்டு வராத ஒரு கிழவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். மிஞ்சியவர்களில் பதினொரு பேருக்கு நாச்சியாரே எழுதினாள். முதல் வாரத்திலேயே நடந்து நடந்து ஊர் எல்லையைத் தாண்டிப் போய்விட்ட இரண்டு பேரை மட்டும் பைக்கில் போய்த் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று மணிக்கு ழேனுமி மாடிக்கு வந்தார். உலகம்மாள் அவருக்கு முன்பே வாசலில் நின்றிருந்தாள்.

"வாங்க, சன்னலுக்குப் போவோம். என் பேரோட முதலெழுத்தையே இனிஷியலாத் தர்றேன். எங்க வீட்டு முகவரியைப் போட்டுக்கலாம்."

"எழுத்தைக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்," என்றார் அவர். "ஊரை மாற்றாதீர்கள்."

"மாத்தலேன்னா செல்லாதுங்க."

"அங்கே எனக்காக யாராவது காத்திருந்தால்?"

இத்தனை நாளும் வராத வார்த்தை அப்போது வந்தது. "அங்க யாரும் இல்லீங்க. அந்த ஊரே இல்ல. நான்தான் அந்த எண்ணைப் போட்டேன். பார்த்துப் போடல, யோசிச்சுப் போடல, கையில வந்ததைப் போட்டேன்."

ழேனுமி கோபப்படவில்லை. மாடிப்படியின் மரக் கைப்பிடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"என்னையும் அப்படித்தானே போட்டீர்கள்," என்றார். "நான் இருக்கிறேனே."

கீழே வெயிலில் காற்று தெருப்புழுதியைத் தூக்கிக்கொண்டு போனது. கடைசியில் அவர்கள் சன்னலுக்குப் போனார்கள், நாச்சியார் 'உ. ழேனுமி' என்று எழுதினாள்.

"ஒன்னவிட மூத்தவருக்கு நீ எப்பிடி இனிஷியல்?"

"படிவம் கேக்கலியேக்கா."

"பின்கோடு?"

"அவர் சொல்றதைப் போடுங்க."

நாச்சியார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, 980417 என்று எழுதினாள். ஐந்து மணி பஸ்ஸில் ழேனுமி ஏறினார். எங்கே என்று கண்டக்டர் கேட்டார், கடைசி ஸ்டாப் என்று உலகம்மாள் கீழே நின்று டிக்கெட் வாங்கிக் கொடுத்தாள். உள்ளே இடம் இருந்தும் அவர் படியருகே கம்பியைப் பிடித்து நின்றபடியே போனார்.

வெள்ளிக்கிழமை அவள் மூன்று விதிகளையும் எழுதினாள். தபால்துறைப் பட்டியலை உள்ளே ஏற்றி, அதன் கடைசியில் ஒரு வரியைத் தன் கையால் சேர்த்தாள். நிறுத்திவைத்திருந்த அந்த அழிக்கும் வரியைத் திரும்ப உயிர்ப்பித்தாள். பத்தே முக்காலுக்கு ஊரில் கடைகள் நின்றன, பள்ளியில் பாடம் நின்றது, எல்லாரும் அவரவர் ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜெபசிங் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, திரையைப் பார்த்தார்.

"கடைசி வரி என்ன? அது எந்த ஊர்?"

"தெரியாது சார். ஒருத்தர் அங்க போய்க்கிட்டிருக்கார்."

குழந்தை அவர் பட்டனைத் திருகியது. "சரி, அழுத்து," என்றார்.

பதினொரு மணிக்கு அழுத்தினாள். இரண்டு பேர் அழிக்கப்பட்டனர் என்றது திரை. எங்கேயோ ஒரு சாலையில் இரண்டு பேர் நடந்துகொண்டிருந்த இடம் வெறும் சாலையானது. அவர்கள் பேரை அவள் ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள், அதற்கு மேலே ணிகொழு என்றும் எழுதினாள். ஊரில் மற்ற எல்லாரும் இருந்தார்கள். ஜெபசிங் குழந்தையின் தலையை முகர்ந்துகொண்டே மாடிப்படியில் நின்று அழுதார்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் புரோகிராமை ஓட்டவில்லை. கார்த்திகை மழையில் தெருவெல்லாம் நீர் ஓடிய ஒரு காலை, நாச்சியாரின் போன் வந்தது.

"ஏட்டி, மறுபடி ஆளு போட்டியா?"

"இல்லியே. ஏன்?"

"ஒரு பொம்பள வந்திருக்கா. மூட்டு வீக்கம். ரெண்டு பஸ், ஒரு ரயில், பொறவு நடைன்னு ரெண்டு நாளா வந்தாளாம். பின்கோடு தொண்ணூத்தெட்டுல தொடங்குது. கம்ப்யூட்டர் செல்லும்ங்குது."

உலகம்மாள் குடை எடுக்கவில்லை. ஸ்கூட்டரை மருத்துவமனை வாசலிலேயே போட்டுவிட்டு, நனைந்தபடி சன்னலுக்கு ஓடினாள். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சேறு அப்பிய செருப்பும் துணிப்பையுமாக, டோக்கனை மடித்துக்கொண்டிருந்தாள். சேறு வெள்ளையாக இருந்தது. இந்தப் பக்கத்தில் அப்படி மண் கிடையாது.

"உங்க ஊருக்கு ஒரு தச்சர் வந்தாரா? ழேனுமின்னு பேரு."

அந்தப் பெண் யோசித்தாள். "எங்க ஊர்ல தச்சர் யாரும் கெடையாதும்மா. மழைல கதவெல்லாம் ஊதி, சாத்த முடியாமக் கெடக்கு. ஒருத்தர் வந்தா ஊருக்கே நல்லது."

"வந்துக்கிட்டிருக்கார். ஆனில கிளம்பினார்." உலகம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "திரும்பிப் போற வழியில பாத்தீங்கன்னா, நம்பர் சரிதான்னு சொல்லுங்க. ஊர் இருக்குன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்லுறேன். ஆள் எப்படி இருப்பாரு?"

உலகம்மாள் வாயைத் திறந்தாள். பேர், வயது, இரத்தப் பிரிவு. அவள் அள்ளிப் போட்டதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது, அதில் ஒன்றை வைத்தும் ஒரு மனுஷனைச் சாலையில் அடையாளம் காண முடியாது. பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். உயரமான ஆள், நிலைப்படி எவ்வளவு உயரமாக இருந்தாலும் குனிந்துதான் நுழைவார். பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை தொண்டையைச் செருமுவார். இடது காதுக்குக் கீழே நரை கொஞ்சம் அதிகம். எங்கே நின்றாலும் பக்கத்தில் மரம் இருந்தால் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார், அது கதவோ கம்போ எதுவானாலும். நடக்கும்போது கூட வருகிறவர் பின்தங்கினால் அதைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டு நடையைக் குறைப்பார். அவள் சொல்லிக்கொண்டே போனாள், வரிசை பின்னால் நீண்டுகொண்டே போனது, அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்து மனதில் வாங்கிக்கொண்டாள், நாச்சியார் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள், யாரும் அவளைச் சீக்கிரம் முடி என்று சொல்லவில்லை.